ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்கிறார்கள், கால் ஏன் மரத்துப்போகிறது?

மும்பை தாராவியில் இருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரருக்கு 42 வயது. தோல் பை செய்யும் ஒரு கார்கானாவில் ஒன்பது வருடமாக ஒட்டுவேலை. சொல்யூஷன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரஷ்ஷால் தடவி, காயவைத்து, அழுத்தி ஒட்டும் வேலை. போன மழைக்காலத்தில் கால் விரல்கள் மரத்தன. பிறகு பாதம், பிறகு கணுக்கால். ஒருநாள் 90 அடி சாலையில் நடந்து வந்தவரின் செருப்பு பாதி வழியில் கழன்றுவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. வெறுங்காலோடு வீட்டு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து மகள்தான் கேட்டிருக்கிறாள், "அப்பா, இன்னொரு செருப்பு எங்கே?"

அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. பதினோராவது நாள், தெரிந்தவர் சொன்னதன் பேரில், ரத்தத்தில் விஷப் பொருள்களைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை என்று ஒரு லேபுக்கு 9,000 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். கேஸ் குரோமட்டோகிராபி என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. பென்சீன், டொலுயீன், சைலீன் மூன்றுக்கும் 'பி.டி.எல்.' என்று வந்திருக்கிறது. எத்தனால், அதாவது மதுவில் இருக்கும் ஆல்கஹால், மட்டும் 100 மில்லிக்கு 6 மில்லிகிராம். அதைப் பார்த்த முதலாளி, "என் சொல்யூஷன்ல ஒண்ணும் இல்ல, உன் புருஷன் குடிக்கிறான், அதான் நரம்பு போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். குடிப்பழக்கமே இல்லாத மனிதர். இன்னும் பெரிய லேபில் மறுபடி ரத்தம் கொடுக்கலாமா, உடம்பில் இருக்கும் விஷத்தை எடுக்க டிரிப் ஏற்றலாம் என்கிறார்களே அது சரியா, புகார் செய்தால் வேலை போய்விடுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் அந்த ரிப்போர்ட்டைப் பற்றித்தான். கடைசிப் பக்கத்தின் அடியில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "என் தம்பியும் அங்கேதான் வேலை பார்க்கிறான், 16 வயது, ராத்திரி அங்கேயே படுத்துக்குவான்." நான் அந்த வரியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் தம்பி

வீட்டுக்காரர் இப்போது அந்த அறையில் இல்லை. அவருக்குப் புதிதாக எதுவும் உள்ளே போகவில்லை. தம்பி இன்றைக்கும் அங்கே இருக்கிறான். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்கு, பகலில் உடம்பில் ஏறிய ஆவியை மூச்சு வழியாகவும் சிறுநீர் வழியாகவும் வெளியேற்ற இரவு முழுவதும் அவகாசம் கிடைக்கிறது. தம்பிக்கு அந்த அவகாசமே இல்லை. ஒட்டிக் காயப்போட்ட பைகளில் இருந்தும், சரியாக மூடாத டப்பாக்களில் இருந்தும் இரவெல்லாம் ஆவி வந்துகொண்டுதான் இருக்கும். ஷட்டரை இறக்கிவிட்டால் அது போக வழி கிடையாது. தீப்பற்றினால் அவன் வெளியே வரவும் அதே ஒரு வழிதான்.

அவனை இன்று இரவே வேறு இடத்தில் படுக்கவையுங்கள். உங்கள் வீட்டில் இடம் இல்லை என்றால் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையானாலும் சரி. 14 வயது முடிந்து 18 வயது ஆகாதவர்களை, எளிதில் தீப்பற்றும் பொருள்களோடும் அபாயகரமான செய்முறைகளோடும் வேலை செய்யவைப்பது குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குற்றம். 1986ஆம் வருடச் சட்டத்தில் 2016இல் கொண்டுவந்த திருத்தம் இது. இதில் தவறு வேலைக்கு வைத்தவருடையது. வேலை பார்த்த பிள்ளை மேல் எந்தக் குற்றமும் இல்லை. முதலாளி அவனை அனுப்ப மறுத்தாலோ, சம்பளத்தைப் பிடித்துவைத்தாலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அவனுக்குக் கால் விரல்களில் கூச்சமோ மரத்துப்போவதோ இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். பையன்கள் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

அந்த மெஷின் என்ன செய்கிறது

சரி, இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். கேஸ் குரோமட்டோகிராபி நல்ல முறை, நம்பகமான முறை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அதன் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று உங்களுக்குப் பிடிபடும்.

ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துச் சிறிய கண்ணாடிக் குப்பியில் விட்டு, காற்றுப் புகாமல் மூடிச் சூடாக்குவார்கள். பசையை இளக்கமாக வைக்கும் பென்சீன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் எல்லாம் லேசில் ஆவியாகும் பொருள்கள். ரத்தத்தை விட்டு எழும்பி, குப்பிக்குள் மேலே இருக்கும் காற்றில் சேரும். சோறு வெந்ததும் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிறதே, அதுபோல. அந்தக் காற்றை ஊசியால் உறிஞ்சி, 30 மீட்டர் நீளம் வரக்கூடிய, பென்சில் முனையை விட மெல்லிய ஒரு குழாய்க்குள் அனுப்புவார்கள். குழாயின் உள்சுவரில் ஒரு பூச்சு இருக்கும். ஒவ்வொரு பொருளும் அந்தப் பூச்சில் ஒவ்வொரு அளவுக்கு ஒட்டிக்கொண்டு நகரும். 90 அடி சாலையில் ஒரே நேரத்தில் கிளம்பிய நான்கு பேரில், கடைக்குக் கடை நின்று பேசுகிறவர் கடைசியாகத்தானே வந்து சேருவார்? அப்படி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நேரத்தில் மறுமுனைக்கு வரும். வந்த நேரத்தை வைத்து ஆளையும், கணினித் திரையில் எழும் மேட்டின் அளவை வைத்து எவ்வளவு என்பதையும் சொல்வார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. டொலுயீன் எந்த நேரத்தில் வரும், எவ்வளவு இருந்தால் மேடு எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே தூய டொலுயீனைச் செலுத்திப் பழக்கிவைத்திருந்தால்தான் அதை அளந்து சொல்ல முடியும். பட்டியலில் இல்லாத பொருளுக்குப் பதில் வராது. இல்லை என்றும் வராது, இருக்கிறது என்றும் வராது.

உங்கள் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

நீங்கள் அனுப்பிய பிரதியை இரண்டு தடவை படித்தேன். நான்கு பொருள்களைத் தேடியிருக்கிறார்கள். என்-ஹெக்சேன் (சுருக்கமாக ஹெக்சேன்) என்ற கரைப்பான் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள், அதாவது விரல்நுனியில் தொடங்கி இரண்டு காலிலும் ஒரேபோல மேலேறும் மரப்பு, பிறகு பாதத்தைத் தூக்க முடியாத பலவீனம், ஒட்டுவேலைக்காரர் ஒருவருக்கு வந்தால் தொழில் மருத்துவம் படித்த யாரும் முதலில் சந்தேகிப்பது ஹெக்சேனைத்தான். பல ரப்பர் சொல்யூஷன்களிலும் தின்னர்களிலும் அது உண்டு. 1960களில் ஜப்பானில், வீட்டிலேயே அடைந்த சின்ன அறைகளில் உட்கார்ந்து செருப்பு ஒட்டிய தொழிலாளர்கள் பலருக்கு இதே போல் கைகால் விழுந்தது. அப்போதுதான் மருத்துவ உலகம் இந்த நோயைக் கவனமாகப் பதிவு செய்தது. மெத்தில் எத்தில் கீட்டோன் என்று இன்னொரு கரைப்பான் உண்டு. அது ஹெக்சேனோடு கலந்திருந்தால் நரம்புச் சேதம் கூடும். அதுவும் உங்கள் ரிப்போர்ட்டில் தேடப்படவில்லை.

அடுத்து, பி.டி.எல். என்றால் 'அளவிடும் வரம்புக்குக் கீழே' என்று பொருள். பூஜ்யம் என்று பொருள் கிடையாது. நாள் கணக்கையும் பாருங்கள். வேலையை விட்டுப் பதினோராம் நாள் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஹெக்சேன் ரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும். டொலுயீனில் பெரும்பகுதியும் அப்படியே. கொழுப்பில் போய் ஒளிந்த கொஞ்சம் மட்டும் சில நாட்கள் மெல்ல வெளியேறும். டொலுயீனுக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்கள் ஓர் ஒப்பீட்டு அளவு வைத்திருக்கிறார்கள்: ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.02 மில்லிகிராம். அந்த எண்ணைத் தனியாகச் சொல்வதில்லை, வேலை வாரத்தின் கடைசி ஷிப்ட் தொடங்கும் முன் எடுத்த ரத்தத்தில் என்று நேரத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். நேரம் தப்பினால் எண்ணுக்கு மதிப்பில்லை. ஆகவே உங்கள் ரிப்போர்ட் சொல்வது இவ்வளவுதான்: பதினோராம் நாள் காலையில், அந்த மூன்று பொருள்கள் அளக்கும்படியாக ரத்தத்தில் இல்லை. ஒன்பது வருடம் அவர் எதைச் சுவாசித்தார் என்பதைப் பற்றி அந்தத் தாளுக்கு ஒன்றும் தெரியாது.

மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். எவ்வளவு பெரிய லேபுக்குப் போனாலும் போன ஆவி திரும்பி வராது. அந்தப் பணத்தை நரம்புப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனால் விஷயம் உங்களை மிகவும் புண்படுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. ரத்தம் எடுக்க வந்த பையன் கையில் ஸ்பிரிட் தடவினான், டியூப்பை வண்டிப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் போனான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆவியாகும் பொருள்களைத் தேடும்போது தோலில் ஸ்பிரிட் தடவக் கூடாது. சோடியம் ஃப்ளோரைடு போட்ட டியூப்பில் எடுக்காவிட்டாலோ, குளிரில் வைக்காவிட்டாலோ, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைக் கிருமிகள் தின்று எத்தனாலை உண்டாக்கிவிடலாம். கரைப்பான்களோ எதிர்த்திசையில் போகும்: டியூப்பைப் பாதி நிரப்பி வெயிலில் வைத்தால் மேலே இருக்கும் காற்றுக்குள் ஓடி, மூடியைத் திறந்ததும் பறந்துவிடும். இருக்கக் கூடாதது கூடி, இருக்க வேண்டியது குறைந்த ஒரு மாதிரி அது. வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே 100 மில்லிக்கு 30 மில்லிகிராம். இப்படி எடுத்த ரத்தத்தில் வந்த 6ஐ வைத்து ஒருவரைக் குடிகாரர் என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் மனசு வராது. உங்கள் வார்த்தையை நான் நம்புகிறேன்.

இப்போது என்ன பார்க்க வேண்டும்

வீட்டுக்காரரைச் சயான் ஆஸ்பத்திரியின் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நடக்கிற தூரம்தான். பரேலில் கே.இ.எம்.மும் இருக்கிறது. நரம்புக் கடத்தல் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். காலில் சின்னதாகக் கரன்ட் கொடுத்து, நரம்பு வழியாக அது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பார்கள். சுருக்கென்று இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. ரத்தம் மறந்துவிட்ட விஷயம் நரம்பில் பதிந்திருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்யூஷன்தான் காரணம் என்று நானும் இங்கே உட்கார்ந்துகொண்டு முடிவு கட்ட முடியாது. சர்க்கரை நோய், பி12 குறைபாடு, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு இவற்றாலும் கால் மரக்கும். காசநோய்க்கு ஐசோநயசிட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வரும். முன்பு எப்போதாவது அந்த மருந்து எடுத்தாரா என்று ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள். உணர்ச்சி இல்லாத தேமல் தோலில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தொழுநோயும் நரம்பைத் தாக்கும், ஆனால் மாத்திரையில் குணமாகும், அதைத் தவறவிட்டால் பாவம். இவற்றையெல்லாம் தள்ளிவிட்டு மிஞ்சுவது சொல்யூஷன் என்றால் அப்போது உங்கள் கை பலமாகிவிடும். குடிதான் காரணம் என்று முதலாளி சொன்னதற்கும் அங்கே பதில் கிடைத்துவிடும்.

சாதாரண ரத்த அணுப் பரிசோதனை ஒன்றும் எடுத்துவிடுங்கள், தம்பிக்கும் சேர்த்து. 1970களில் இஸ்தான்புல் நகரத்துச் செருப்புத் தொழிலாளர்களிடம் பென்சீன் கலந்த பசையால் ரத்தப் புற்று வந்ததை முஸஃபர் அக்சோய் என்ற துருக்கி மருத்துவர் வெளிக்கொண்டுவந்தார். ரத்தத்தில் பென்சீன் எவ்வளவு என்று தேடுவதை விட, வருடக்கணக்கில் அது எலும்பு மஜ்ஜையை என்ன செய்தது என்று காட்டுவதில் சில நூறு ரூபாய் அணுக்கணக்கு அதிகம் உதவும். தவிர, பீடி சிகரெட் பிடிப்பவர் ரத்தத்தில் பென்சீன் கொஞ்சம் எப்போதுமே இருக்கும். அதனால் ரத்தத்தில் பென்சீன் துளி தெரிந்தாலும் அதைக் கார்கானாவின் தலையில் மட்டும் போட முடியாது.

அப்புறம், அந்த மெஷினை உங்களுக்கு உதவும்படி பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. ரத்தத்தைக் கொடுக்காமல் சொல்யூஷனைக் கொடுங்கள். காலி டப்பாவின் அடியில் ஒட்டியிருப்பதே போதும். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி, அடுப்பு பக்கமே கொண்டுபோகாமல், வேதிப் பொருள் சோதிக்கும் லேபில் கொடுத்து, இதில் என்னென்ன கரைப்பான், ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ஹெக்சேன், மெத்தில் எத்தில் கீட்டோன், பென்சீன், டொலுயீன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். டப்பாவின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்; தயாரித்த தேதியும் தொகுதி எண்ணும் தெரிய வேண்டும்.

இன்னும் அங்கே வேலை பார்க்கிறவர்கள் சம்மதித்தால், வாரக் கடைசி நாள் ஷிப்ட் முடிந்ததும் அவர்கள் சிறுநீரைக் கொடுக்கலாம். ஹெக்சேன் உடம்புக்குள் 2,5-ஹெக்சேன்டயோன் என்ற பொருளாக மாறுகிறது. நரம்பைக் கெடுப்பது அதுதான். ரத்தத்தில் ஹெக்சேன் போன பிறகும் சிறுநீரில் அது ஓரிரண்டு நாள் தெரியும். அதையும் கேஸ் குரோமட்டோகிராபியில்தான் அளப்பார்கள். அவர்கள் பரிசோதனை உங்கள் வீட்டுக்காரரின் உடம்பைப் பற்றிச் சொல்லாது, ஆனால் அந்த அறையைப் பற்றிச் சொல்லும். உங்களுக்கு எட்டும் தூரத்தில், சயானிலேயே, மத்திய தொழிலாளர் நிறுவனம் என்ற மத்திய அரசு அமைப்பு இருக்கிறது. தொழிற்கூடங்களின் காற்றையும் தொழிலாளர் உடல்நலத்தையும் ஆராய்வதே அவர்கள் வேலை. போய்க் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

டிரிப், வெல்லம், மாஸ்க்

விஷத்தை எடுக்கும் டிரிப் வேண்டாம். அவர்கள் சொல்லும் கீலேஷன் மருந்து ஈயம் போன்ற உலோகங்களுக்கானது. கரைப்பான் ஆவிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, சிறுநீரகத்துக்குத்தான் ஆபத்து. ஈயத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் வேறு, இந்த மெஷின் கிடையாது. முதலாளி தினமும் வெல்லமும் வாழைப்பழமும் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாப்பிடட்டும், நல்லதுதான், ஆனால் ஆவியை அது தடுக்காது. துணி மாஸ்க்கும் கோவிட் காலத்து என்95ம் தூசியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அதற்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும். வேலை முடிந்ததும் தின்னரில் கை கழுவும் பழக்கம் எல்லா ஒட்டுவேலைக்காரர்களிடமும் உண்டு. அதை நிறுத்தச் சொல்லுங்கள், தோல் வழியாகவும் உள்ளே போகும்.

மருந்து என்று தனியாக எதுவும் இல்லை. விலகி இருப்பதும் உடற்பயிற்சி மருத்துவமும்தான். இதில் உங்களைக் குழப்பப்போகும் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹெக்சேன் என்றால், வேலையை விட்ட பிறகும் இரண்டு மூன்று மாதம் பலவீனம் கூடிக்கொண்டே போகும். "வேலைக்குப் போகாமலேயே மோசமாகிறதே, அப்படியானால் வேலை காரணமில்லை" என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். இந்த நோயின் சுபாவமே அது. பிறகு மெல்லத் திரும்பும். மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அதிகம் பாதிக்கப்படாதவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். அதுவரை தினமும் ராத்திரி நீங்களே அவர் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். முள் குத்தியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. வெந்நீர் ஊற்றும் முன் உங்கள் கையால் சூடு பாருங்கள்.

வேலையும் உரிமையும்

நான் மருத்துவர், வக்கீல் இல்லை. ஆனாலும் இத்தனை வருடத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். பென்சீனாலும் அதன் இனப் பொருள்களாலும் வரும் நோய்கள் நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. ஹெக்சேனுக்கு வழக்கு எப்படி அமையும் என்பதை வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் வேலை செய்யும் இடம் என்பதால் ஈ.எஸ்.ஐ. பிடித்தமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நஷ்டஈடே கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது வேறு வழி. பெண்களுக்கும் தொழிற்கூடத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் பேசலாம். காலக்கெடு இருக்கிறது, குணமாகட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

முதலாளியிடம் இப்போது சண்டைக்குப் போக வேண்டாம். அவர் பெயர், சம்பளம் கொடுத்த சீட்டு அல்லது போனில் வந்த பணத்தின் பதிவு, கூட வேலை பார்த்தவர்கள் பெயர், டப்பா போட்டோ, எந்த மாதம் எது மரத்தது என்ற தேதிக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேருங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'ஒன்பது வருடம் பசை ஒட்டும் வேலை' என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் எழுதாமல் விட்டுவிடுவார்கள், நின்று கேட்டு வாங்குங்கள். பிற்பாடு அந்த ஒரு வரி உங்களுக்கு 9,000 ரூபாய் ரிப்போர்ட்டை விடப் பெரிதாக உதவும். கால் தேறினாலும் அவர் மறுபடி ஒட்டும் மேஜைக்குப் போகக் கூடாது. வெட்டும் வேலை, தையல் வேலை என்றாலும் அதே அறையில் என்றால் வேண்டாம், காற்று ஒன்றுதானே. வேறு கார்கானாவில் பாருங்கள். ஒன்பது வருடக் கைப்பழக்கம் உள்ளவரை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும்.

நரம்புப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அதற்கு நாள் ஆகும். அதுவரை காத்திருக்காமல், தம்பி இப்போது எங்கே படுக்கிறான் என்று மட்டும் நாளைக்கே ஒரு வரி எழுதுங்கள்.